வண்டி ஆகாத அத்தை

என் அத்தைக்கு வண்டி ஆகாது. பஸ் தெருமுனை திரும்புவதற்குள் முகம் வெளுத்துவிடும். கார் என்றால், கதவைத் திறக்கும்போதே சீட் வாசனையில் வயிறு புரட்டும். எலுமிச்சம்பழம், மாத்திரை, வெறும் வயிறு, நிறைந்த வயிறு எல்லாம் பார்த்தாயிற்று. எதுவும் வேலைக்கு ஆகவில்லை.

அதனால் அவள் வாழ்க்கையே நடக்கிற தூரத்துக்குள் அடங்கிவிட்டது. நடந்து போகக்கூடிய துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை. பெரிய கிளைக்கு வா, சம்பளம் கூட்டித் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போக வேண்டுமே என்று மறுத்துவிட்டாள். மாப்பிள்ளையும் அடுத்த தெருதான். "என் தங்கச்சி மாப்பிள்ளையைப் பாத்துக் கட்டிக்கலை, தூரத்தைப் பாத்துக் கட்டிக்கிட்டா" என்று என் அப்பா கிண்டல் செய்வார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

கடையில் படிக்கட்டுக்கு அடியில் அவள் மெஷின். குளிர்காலம் வந்தால், பனிமலைக்குப் போகிறவர்கள் தடித்த பேண்ட்டுகளைக் கொண்டுவந்து குவிப்பார்கள். பஞ்சு வைத்த அந்தத் துணியில் ஊசி லேசில் இறங்காது. ஊரார் கால்களையெல்லாம் அளந்து மலைக்கு அனுப்பியவளுக்கு, தானும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

போன வருஷம் குடும்பமாகப் பனிமலைக்குப் போவதென்று முடிவானது. ஏற்பாடெல்லாம் சித்தப்பா கையில். அத்தைக்குத் தம்பி, வீட்டுக்குக் கடைக்குட்டி. வேலையில் ஊர் ஊராக மாற்றலாகி ரிட்டயர் ஆனவர். பயணம் என்றால் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு. போனில் வரைபடத்தைத் திறந்து, விமான நிலையத்துக்கும் மலைக்கிராமத்துக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார்.

"பாருங்க, ஒரு விரல் தூரம். இறங்கினா வாசல்ல வேன் நிக்கும். டிரான்ஸ்ஃபர்னு வேன் வாடகையையும் ஹோட்டல்காரன் பில்லுலயே சேத்துட்டான்."

"வேலையில வாங்கின டிரான்ஸ்ஃபர் பத்தலையாடா உனக்கு?" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தோம். அவள் போனை வாங்கி, அந்த ஒரு விரல் தூரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நடுவில் ஒரு மலை. அதன்மேல் சாலை ஏறி, திரும்பி, மறுபடி ஏறி, மறுபடி திரும்பிக் கிடந்தது.

"இது ரோடாடா? பாபின்ல சிக்கின நூல் மாதிரி இருக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன்க்கா. நீ வீட்டைப் பாத்துக்கோ. செடிக்குத் தண்ணி ஊத்தவும் ஆள் வேணும்ல?"

ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்வார்கள். அவளும் தலையாட்டுவாள். அன்றைக்கு ஆட்டவில்லை.

"செடி வாடினா வாடட்டும். நானும் வரேன்."



மறுநாள் மதியம் என்னைக் கடைக்கு வரச் சொல்லி, நாங்கள் தங்கப்போகும் விடுதிக்குப் போன் போடச் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு கேளு. அந்த ஊருக்குத் தண்டவாளம் இருக்கா?" ரயில் மட்டும்தான் அவளை ஒன்றும் செய்யாது. இருந்தது. பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு மலையேறும் சின்ன ரயில். அந்தத் தடத்தை வரைபடத்தில் விரலால் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனாள். விரல் போய் நின்றது வேறொரு விமான நிலையத்தில், வெகு தூரத்தில். ஆனால் ரயில் நிலையம் அதற்கு அடியிலேயே இருந்தது.

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூணு ரயில் மாறணும்க்கா! தலையைச் சுத்தி மூக்கைத் தொடற கதையா இருக்கு."

"என் தலை சுத்தாம இருந்தா போதும். யாரு வர்றீங்க என்கூட?"

மாமா எழுந்துபோய்ப் பரணில் இருந்த பெட்டியை இறக்கினார். நானும் சேர்ந்துகொண்டேன். மற்றவர்கள் சித்தப்பா பக்கம்.

நாங்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி, எங்கள் ஊர் விமான நிலையத்துக்கும் ரயிலிலேயே போனோம். விமானத்தில் அத்தை எப்படியோ சமாளித்துவிட்டாள். முதல் இரண்டு ரயிலிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில்தான் எனக்குப் பயம். பல்சக்கரம் கடகடவென்று பிடித்து ஏற, பெட்டியே பின்பக்கம் சாய்ந்தது. நான் பாலிதீன் பையை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரங்கள் குறைந்தன. ஒரு திருப்பத்தில், மலை முழுசும் வெள்ளையாக எதிரே வந்து நின்றது.

"ஏண்டி..." என்றாள் அத்தை. நான் அவசரமாகப் பையை நீட்டினேன்.

"அது எதுக்கு? பசிக்குது. பிஸ்கட்டை எடு."

ஓடுகிற வண்டியில் அத்தை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பாக்கெட்டையே தீர்த்தாள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

விடுதி வாசலில் நாங்கள் பனியை மிதித்து விளையாடிக்கொண்டிருந்தபோது வேன் வந்தது. கதவு திறந்ததும் சித்தப்பா இறங்கினார்; அவருக்கு முன்னால் அவர் சாப்பிட்டது இறங்கிவிட்டது. அப்பா முகத்திலும் ஈயாடவில்லை. அத்தை ஓடிப்போய்த் தம்பியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியாதா?

"அக்கா," என்றார் சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டு. "திரும்பறப்ப நானும் உன்கூட ரயில்லயே வந்துடறேன்."

"தாராளமா வா. ஆனா ஜன்னல் சீட்டு எனக்கு."

"உனக்குத்தான் ரயில்ல வாந்தி வராதே!"

"அதனாலதான்டா கேக்கறேன். இத்தனை வருஷம் வாந்தி எடுக்கத்தான் எனக்கு ஜன்னல் குடுத்தீங்க. இனிமே நான் வேடிக்கை பாக்கணும்."