லெஸ்யாவுக்குப் பூசை வேண்டாம்

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கிற கத்தோலிக்கத் தமிழருக்குக் கிறிஸ்துராஜா அண்ணையைத் தெரியாமல் இருக்காது. வோல்சிங்கம் மாதா யாத்திரைக்கு வருடாவருடம் எங்களைக் கோச் பஸ்ஸில் ஏற்றிப் போகிறவர் அவர்தான். பேசாலையில் பிறந்து, ஜெர்மனியில் லொறி ஓட்டி, பிறகு லண்டனுக்கு வந்தவர். நாங்கள் அவருக்கு வைத்த பட்டம் 'ரஷ்யன்'. பட்டம் வைப்பதில் எங்கள் ஆட்கள் ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

காரணம் அவருடைய குளிர்கால வேலை. ரஷ்ய பலே நடனக் கம்பனிகள் நூறு வருடத்துக்கு மேலாக இந்த நாட்டுக்கு வந்துபோகின்றன. பெயர்பெற்றவை லண்டனோடு நின்றுவிடும். சின்னக் கம்பனிகளுக்கு இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு வேறு ஊர் என்று அலைவதுதான் பிழைப்பு. அவர்களை ஏற்றித் திரிந்தவர் கிறிஸ்துராஜா அண்ணை. சுவரொட்டியில் ரஷ்யா என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கோச்சுக்குள் பார்த்தால் உக்ரேன், மால்டோவா, ஜப்பான் என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். மேடையில் இளவரசியாக நிற்கிறவள் கோச்சுக்குள் கால்விரல்களுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நூடில்ஸ் சாப்பிடுவாள்.

லெஸ்யா கார்கிவ் நகரத்துப் பெண். சாரதிக்குப் பின்சீட்டு அவளுடையது. பலே சப்பாத்தின் நுனி புதிதில் மரக்கட்டைபோல இருக்குமாம். அடித்து இளக்காவிட்டால் மேடையில் சத்தம் கேட்கும். ஆகவே கோச் வாசற்படியில் குந்தியிருந்து டொக், டொக் என்று அடிப்பாள். படி உடையப்போகிறது என்று முதலில் ஏசியவர், பிறகு அவள் அடிக்காத நாளில் என்ன சுகமில்லையா என்று கேட்கத் தொடங்கினார். புறப்படும்போது 'போறன்' என்று சொல்லக்கூடாது, 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

பிறகு உக்ரேனில் சண்டை தொடங்கியது. அரங்குகள் ஒவ்வொன்றாக ஆட்டத்தை நிறுத்தின. ஒரே கோச்சில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். லெஸ்யாவுக்கு ஊரில் தாய் மட்டும்தான். தாயிடம் திரும்பிப் போக லூட்டன் விமான நிலையத்தில் கோச்சை விட்டு இறங்கும்போது அவள் சரியாகத்தான் சொன்னாள்: "போட்டு வாறன்." கொஞ்சக் காலம் செய்தி வந்தது. பிறகு தொலைபேசி ஊமையாகிவிட்டது.

அந்தக் கம்பனியும் வரவில்லை. அடுத்த வருட யாத்திரையில் நான் அவருக்குப் பின்சீட்டில் இருந்தேன். பட்டப்பகலில், மோட்டர்வே ஓரத்தில் கோச்சைத் திடீரென்று நிறுத்தினார்.

"ஆர் படியில தட்டினது?"

"ஒருத்தரும் தட்டேல்லை அண்ணை."

அவர் எழுந்து வந்து வெறும் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆவி பேய்க்குப் பயப்படுகிறவன் நான் இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கால்களைப் படிப் பக்கமிருந்து உள்ளே இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அடிக்கடி நிறுத்தினார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ரஷ்யனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள்.

அவருடைய மனைவி டொலறஸ் அக்கா பயந்துபோனார்.

"அலையிற ஆத்துமாவுக்குச் செபம் வேணுமப்பா. கார்த்திகை ஆத்துமாக்கள் பூசைக்கு அந்தப் பிள்ளையின்ர பேரைக் குடுப்பம். இல்லாட்டி ஒருநாள் கோச்சோட நீங்களும் போயிடுவியள்."

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவளுக்குச் செத்த ஆக்களின்ர பூசையோ? காணாமல்போன என்ர அண்ணைக்கே அம்மா கடைசிவரைக்கும் குடுக்க விடேல்லை. குடுத்தால் செத்தது எண்டு நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி."

அக்கா அவருக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டார். அக்காவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. புருசனைக் காப்பாற்ற வேறு என்ன வழி அவருக்குத் தெரியும்? ஆத்துமாக்கள் திருநாளன்று பாதர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். மரியாம்பிள்ளை, செபமாலை, லெஸ்யா. கடைசி வரிசை வாங்கிலிருந்து கிறிஸ்துராஜா அண்ணை எழும்பினார்.

"பாதர், அந்தப் பேரை விடுங்கோ. அவள் சாகேல்லை."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாதர் அடுத்த பெயரை வாசித்தார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அன்றோடு அவருக்குப் படியில் சத்தம் கேட்பது நின்றுவிட்டது. அக்கா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். நாங்களும் நிம்மதியானோம்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஒரு பயணத்துக்குக் கோச் கேட்கப் போனேன். அவர் கோச் படியில் குந்தியிருந்து, தன்னுடைய சப்பாத்தைக் கழற்றி அதன் குதியால் படியில் அடித்துக்கொண்டிருந்தார். அடிப்பார், நிறுத்துவார், உள்ளே காது கொடுப்பார்.

"என்னண்ணை செய்யிறியள்?"

"தம்பி, அந்தச் சத்தம் கேட்ட வரைக்கும் அவள் எங்கையோ உயிரோட இருந்தாள். பூசை குடுத்து நாங்கள்தான் அவளைச் சாகடிச்சனாங்கள்."

ஆறுதல் சொல்ல வாய் எடுத்தேன். அவர் சப்பாத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ ஒருக்கால் அடிச்சுப் பார். என்ர கைக்கு அந்தச் சத்தம் வருகுதில்லை."

நான் வாங்கி அடித்தேன்.