பூவாத்தாளின் இங்கிலீஷ்

பூவாத்தாளை அவள் அப்பா அப்புசாமி காலேஜுக்கு அனுப்பியது பேசக் கற்றுக்கொள்ளத்தான். பட்டம், வேலை, கல்யாணம் எல்லாம் அவருக்கு அப்புறம். கேரள எல்லைக்குள் வேலந்தாவளத்துக்குத் தெற்கே நிலக்கடலையும் பருத்தியும் போடுகிற காடு ஒன்று அவருக்கு இருந்தது. அதற்குப் போகிற வண்டித்தடத்தைப் பக்கத்துக் காட்டுக்காரன் முள்வேலி போட்டு மறித்துவிட்டான். வில்லேஜ் ஆபீசில் போய் முறையிட்டார். அங்கே எல்லாம் மலையாளம். இவர் கொங்குத் தமிழில் சொல்லச் சொல்ல, நாற்காலியில் இருந்த அதிகாரி அதே இழுவையில் திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஆபீசே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் துண்டை உதறிப் போட்டுவிட்டு, "நம்மூட்ல ஒருத்தராச்சும் அவனுக முன்னால நின்னு பேசோணும்" என்றார். மகன் பத்தாவதில் தோற்று மாடு வாங்கி விற்கப் போய்விட்டிருந்தான். மிச்சமிருந்தது மகள்தான்.

அப்படித்தான் எழுபத்துநாலில் பாலக்காட்டில் ஒரு தனியார் காலேஜின் வணிக வகுப்பில், கடைசி பெஞ்சில், எண்ணெய் வழியப் பின்னிய ஜடையோடு பூவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். ஆஜர் எடுக்கும்போது அவள் பெயர் வந்தால் ஒரு சிரிப்பு எழும். அதற்கு அவள் பழகிவிட்டாள். பழக முடியாதது சங்கரன்குட்டி சாரின் மணி.

சங்கரன்குட்டி சார் இரண்டு பாடம் எடுத்தார். ஒன்று ஆராய்ச்சி முறை, மற்றொன்று பேச்சுத் திறன். வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொருவராக முன்னால் வந்து இங்கிலீஷில் பேச வேண்டும். மேஜைமேல் ஒரு சின்னப் பித்தளை மணி இருக்கும். ஒவ்வொரு தப்புக்கும் அதைத் தட்டுவார். பூவாத்தாள் முதல் தடவை பேசியபோது மணி ஓயவே இல்லை. பாதியில் அவள் நின்றுவிட்டாள். உட்காரப் போனவளை அவர் உட்கார விடவில்லை. நன்றாக மிமிக்ரி செய்கிற ஒரு பையனை எழுப்பி, அவள் பேசிய மாதிரியே பேசச் சொன்னார். அவன் கைகளைப் பிசைந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் 'ங்க' போட்டு இழுத்துப் பேசினான். வகுப்பு பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அவள் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்க வேண்டியிருந்தது.

"நீ எப்படிப் பேசறேன்னு உனக்கே கேட்டால்தான் மாறுவாய்" என்றார் சார். அவர் குரலில் கோபம் கிடையாது. மருந்து கொடுக்கிறவர் போலத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் காட்டு மோட்டார் ரூமில் பேசிப் பழகினாள். மோட்டார் ஓடும்போது கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே ஒன்றும் கேட்காது. பருத்திச் செடிக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். உள்ளே அவள் தொண்டை வறளக் கத்துவாள். அம்மா பழனாத்தாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குக் காத்துக் கருப்பு எதாச்சும் அடிச்சிருச்சாட்ட" என்று கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். கயிற்றோடேயே காலேஜுக்குப் போனாள். மணிச் சத்தம் மெள்ள மெள்ளக் குறைந்தது.

ஆராய்ச்சிப் பாடம் அவளுக்கு மணி இல்லாமலே வந்தது. எதிரில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் அதில் பெரும்பகுதி. பதிலை நீயே எடுத்துக் கொடுக்காதே, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள், அவர் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியாது, சொல்லிவிடுவார். பதில் சொன்னவரின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதாதே. இதையெல்லாம் பூவாத்தாள் வரிக்கு வரி மனப்பாடம் செய்தாள்.

அந்த மார்கழியில் சார் மாணவர்களை மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே மானேஜர் அவருக்குத் தெரிந்தவர். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஏன் அடிக்கடி வேலைக்கு வராமல் போகிறார்கள் என்று கண்டுபிடித்துத் தர வேண்டும். கடைசி நாள் எஸ்டேட் கிளப்பில் மானேஜர் முன்னால் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இரண்டு பாடத்துக்கும் அதுதான் பரீட்சை.

மற்ற மாணவர்கள் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளில் ஏறி இறங்கினார்கள். அவர்களுடைய மலையாளத்துக்குப் பெண்கள் தலையை ஆட்டி, "எல்லாம் நல்லாருக்குங்க, காச்ச வந்துச்சு, போகல" என்றதோடு சரி. பூவாத்தாள் வாயைத் திறந்ததும் நிலைமை மாறிப்போனது. அவள் தமிழும் அவர்களுடைய தெக்கத்தித் தமிழும் வேறு வேறு என்றாலும் தமிழ் தமிழ்தான். "ஏ, இங்க வாங்கடி, கோயமுத்தூர்க்காரி மாதிரி ஒரு பிள்ள பேசுது" என்று கூப்பிட்டுக் கூட்டம் சேர்த்தார்கள்.

அப்படிப் பழக்கமானவள் முத்துப்பேச்சி. கீழ் லயத்தில் இருந்தாள். புருஷன் மரம் விழுந்து செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் மாரித்தாய்க்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை பேக்டரியில் வேலை பார்க்கிறவன்.

சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, அடுப்பில் கொதித்த கடுங்காப்பிப் பாத்திரத்தை முத்துப்பேச்சி துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்கி வைத்ததைப் பூவாத்தாள் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, சூடு தெரியலீங்களா?"

முத்துப்பேச்சி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பூவாத்தாள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அடுப்பில் விறகு வெடித்தது. முத்துப்பேச்சி காப்பியை ஊற்றினாள், டம்ளரை நகர்த்தினாள், வாசலைப் பார்த்தாள். பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வெரலு மரத்துப் போச்சு தாயி. பெரிய வியாதியாம். ஆரம்பந்தானாம். உடுமலப்பேட்டையில ஒரு டாக்டரு மாத்திர தாராரு. அதுக்குத்தான் திங்கக்கெழம திங்கக்கெழம காச்சன்னு சொல்லிட்டுக் கீழ எறங்கிப் போறேன். இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு அவரே சொல்லிட்டாரு. ஆனா இங்க தெரிஞ்சா விடுவாகளா? எம்மக கல்யாணம் நின்னு போகும்."

"வெரலு மரத்துப் போயும் எப்பிடிங்க பறிக்கறீங்க?"

"கண்ணால பாத்துப் பறிக்கேன். யாருகிட்டயும் சொல்லிராத தாயி."

"பேரே போடமாட்டனுங்கக்கா" என்றாள் பூவாத்தாள். மனசறிந்துதான் சொன்னாள்.

விருந்தினர் விடுதிக்கு வரும் வழியில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்கள் வராததற்குக் காய்ச்சல் என்று மட்டும்தான் மற்ற எல்லாருக்கும் கிடைத்திருந்தது. அவளுக்கு உண்மை கிடைத்திருந்தது. சாரிடம் சொன்னபோது அவர் முதன்முறையாக அவளை உட்காரச் சொல்லிப் பேசினார். "ஒரு தனி மனுஷியின் கதையாக இதைச் சொல். பெயர் வேண்டாம். எல்லாரும் கேட்பார்கள்."

கிளப்பில் அன்றைக்கு மானேஜரும் அவர் மனைவியும் இரண்டு அசிஸ்டென்ட்டுகளும் ஆபீஸ் கிளார்க்கும் வந்திருந்தார்கள். பூவாத்தாளின் முறை வந்தது. மேஜைமேல் மணி இல்லை. அவள் பேசினாள். மோட்டார் ரூமில் கத்திக் கத்தித் தேய்ந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வந்தன. பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிலாளி என்று ஆரம்பித்து, தொழுநோயைச் சொன்னாள், மறைப்பதைச் சொன்னாள், பயத்தைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மானேஜரின் மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

மானேஜர் இதமான குரலில் கேள்வி கேட்டார். அந்தப் பெண் எந்த நாளில் மருந்துக்குப் போகிறாள்? திங்கட்கிழமைகளில், உடுமலைப்பேட்டைக்கு. வீட்டில் துணைக்கு ஆள் உண்டா? இல்லை, விதவை, ஒரு மகள் மட்டும். மகளுக்கும் தொற்றியிருக்குமோ? இல்லை சார், மகள் ஆரோக்கியமாக இருக்கிறாள், தை மாதம் கல்யாணம்கூட நிச்சயம் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு பதிலும் இலக்கணம் பிசகாமல் வந்தது. சொல்லச் சொல்ல அவளுக்குத் தன் குரலே பிடித்துப்போயிற்று. மிமிக்ரி செய்த பையன் வாய் பிளந்து பார்ப்பதையும் கவனித்தாள்.

"மிகத் தெளிவாகச் சொன்னாய். நன்றி" என்றார் மானேஜர். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கிளார்க் பக்கம் தலையைச் சாய்த்து, "கீழ் லயம் முத்துப்பேச்சிதானே?" என்று தமிழில் கேட்டார். கிளார்க் ஆமாம் என்று தலையாட்டினார்.

பூவாத்தாள் எழுந்தாள். "இல்லைங்க, அவங்க இல்லைங்க" என்றாள். இங்கிலீஷில் சொல்லப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. சார் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "நன்றாகப் பேசினாய். இப்போது கெடுத்துக்கொள்ளாதே."

மறுநாள் காலையில் கீழ் லயத்துக்கு ஜீப் வந்தது. கம்பவுண்டர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்கினார். முத்துப்பேச்சியின் கம்பளியையும் பாயையும் துணிமணிகளையும் முற்றத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அதே லயத்துப் பெண்கள், முந்தின நாள் வரை அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். மாரித்தாய் குடத்தோடு குழாய்க்குப் போனபோது ஒருத்தி விறகுக்கட்டையை எடுத்துக் காட்டி, "கிட்ட வராத" என்றாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கிழவர் வந்து, தாம்பூலத்தில் கொடுத்த சேலையைக் கையால் தொடாமல் ஒரு குச்சியால் தூக்கி நெருப்பில் போட்டுவிட்டுப் போனார்.

ஊர் திரும்ப மாணவர்களின் பஸ் மேலே நின்றுகொண்டிருந்தது. பூவாத்தாள் இறங்கி லயத்துக்கு ஓடி வந்தாள். அவளைக் கண்டதும் முத்துப்பேச்சி எழுந்தாள்.

"யாரோ சொல்லிப்புட்டாக தாயி. எந்தப் பாவின்னு தெரியல. மாத்திர வாங்கிட்டு வர்றத பஸ்ஸுல எவளோ பாத்திருக்கா." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "நீ போயித் தொரைகிட்டச் சொல்லு. மருந்து சாப்புடுறா, ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருன்னு இங்கிலீஸ்ல சொல்லு. எங்க பேச்சக் கேக்க மாட்டாரு. ஒம்பேச்சக் கேப்பாரு."

பூவாத்தாள் பங்களாவுக்குப் போனாள். மானேஜர் வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவளை நிற்க வைக்கவில்லை, நாற்காலி காட்டினார். நோய் ஆரம்ப நிலை என்பதை, மருந்தை, டாக்டர் சொன்னதை, கல்யாணத்தை, எல்லாவற்றையும் அவள் சொன்னாள். இந்தத் தடவை வார்த்தைகள் கைவிடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார்.

"உன் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார். "வீட்டில் யாராவது பேசுவார்களா?"

"இல்லைங்க சார்."

"ஆச்சரியம்தான்" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். முத்துப்பேச்சியை ஏற்றிக்கொண்டு ஜீப் வளைவு திரும்பிப் போவது வராந்தாவிலிருந்து தெரிந்தது.

ரிசல்ட் வந்தபோது இரண்டு பாடத்திலும் அவள்தான் முதல். அப்புசாமி மாட்டுச் சந்தையில் பார்த்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். அவளை வில்லேஜ் ஆபீசுக்குக் கூட்டிப் போனார். பழைய அதிகாரியே இருந்தார். அவள் இங்கிலீஷில் பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அந்த மாதமே வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். தடத்தில் வண்டி போனபோது அப்புசாமி, "என்ற புள்ளை வாயில பொறந்த தடமாக்கும் இது" என்று வண்டிமேல் நின்று சொன்னார். அவள் பின்னால் நடந்து வந்தாள். அப்பாவிடம் எஸ்டேட்டைப் பற்றி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

சார் சிபாரிசில் கோயமுத்தூரில் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய், என்ன சோப்புப் போடுகிறீர்கள், ஏன் அதைப் போடுகிறீர்கள் என்று பெண்களிடம் கேட்டு எழுதுகிற வேலை. அதில் அவளுக்கு நல்ல பெயர். பெண்கள் சோப்பைத் தவிர எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்கள். புருஷன் அடிப்பது, மாமியார் பட்டினி போடுவது, கலைத்துக்கொண்ட கர்ப்பம். இதெல்லாம் வேண்டாமுங்க என்று சில சமயம் அவளே எழுந்து வந்துவிடுவாள்.

எழுபத்தேழில் அந்த வேலையாக உடுமலைப்பேட்டைக்குப் போனவள், ஒருநாள் மூணாறு பஸ்ஸில் ஏறி மறையூரில் இறங்கினாள். விசாரித்துக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே ஒரு கரும்பாலைக் கொட்டகையில் மாரித்தாய் இருந்தாள். பாகு கொதிக்கிற கொப்பரைக்குக் கீழே, அடுப்பு வாயில் காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். புருவமும் கை மயிரும் பொசுங்கியிருந்தன. பூவாத்தாளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சக்கையைத் தள்ளினாள்.

"அம்மா எப்பிடி இருக்காங்க?"

"போன ஐப்பசியில செத்துட்டா. கொண்டுபோன ஆஸ்பத்திரியில நோவு நின்னுருச்சு, வெளிய விட்டாக. வெளிய யாரு சேப்பா? உடுமலப்பேட்ட பஸ் ஸ்டாண்டுல கெடந்தா. நான் சோறு கொண்டு போவேன்."

அவள் இன்னொரு கை சக்கையை அடுப்புக்குள் தள்ளினாள்.

"கடைசி வரைக்கும் ஒங்கள நெனச்சுக்கிட்டேதான் கெடந்தா" என்றாள் மாரித்தாய். "அந்தப் பிள்ள ஒருத்திதான் எனக்காகத் தொரைகிட்டப் போயிப் பேசுச்சுன்னு வர்றவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லுவா. நல்லாருக்கணும்னு கும்புடுவா."

சக்கை பற்றிக்கொண்டு எரிந்தது. அவள் முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

"கிளப்புல நீங்க என்ன பேசுனீகன்னு கிளார்க்கு எங்கிட்ட மறுநாளே சொல்லிட்டாரு. நான் அவகிட்டச் சொல்லல. அவளுக்குன்னு நெனச்சுக்க அந்த ஒண்ணாச்சும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பூவாத்தாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாதீக" என்றாள் மாரித்தாய். "மேஸ்திரி வாராரு. நீங்க போங்க."

பூவாத்தாள் கரும்புக் காட்டு வழியே ரோட்டுக்கு வந்தாள். கீழே போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் கடைக்காரர், "எந்த ஊரு, யாரப் பாக்க வந்தீக?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்து, டீ வேண்டுமா என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.