சனிக்கிழமைக் கை

பேக்கரியில் அவரை அட்சரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவர் வேலை. கிரீம் நிரப்பிய கூம்புப் பையைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் எழுதுவார். பிசிறு தட்டாது.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணக் கேக்கில் அவர் மணமக்கள் பெயரோடு நிறுத்தவில்லை. காலம், காதல், பிரபஞ்சம் என்று மூன்று அடுக்கையும் சுற்றி எழுதி, இடம் போதாமல் அட்டைப்பெட்டியிலும் தொடர்ந்தார். அதற்கு முன் நான்கு நாளாக அவர் கண்ணையே மூடியிருக்கவில்லை. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. பிறகு மூன்று மாதம் படுக்கையை விட்டு எழவே மனமில்லை. இருதுருவ மனநோய் என்றார்கள். லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். மனம் நிலைக்கு வந்தது. கை நடுங்க ஆரம்பித்தது.

டம்ளரைப் பிடித்தால் தெரியாத நடுக்கம். கிரீம் பையைப் பிடித்தால் தெரியும்.

"என்ன அட்சரம், கேக் மேல புழு ஊருது?" என்றார் அடுப்படி மாஸ்டர்.

"உன் பன்னுல இருந்து இறங்கி வந்திருக்கும்ண்ணே."

அட்சரம் சிரித்துச் சமாளித்தார். பெட்டியில் எழுதினாலும் வேலை போகும், கோணல் எழுத்தாலும் வேலை போகும். சனிக்கிழமைதான் ஆர்டர் குவியும். அதனால் வியாழன், வெள்ளி இரவுகளில் மாத்திரையை விட்டுவிட்டார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் மாதாமாதம் கேட்பார்.

"ஆமாங்க."

ரத்தப் பரிசோதனையில் மருந்து குறைவாகத் தெரிந்தது. டாக்டர் அவர் சொன்னதை நம்பி, மாத்திரையைக் கூட்டினார். நடுக்கமும் கூடியது. அட்சரம் புதன்கிழமையையும் விட்டார். பொய்யின் மேல் ஒருவர் நேர்மையாகக் கட்டினாலும் சுவர் சாயத்தான் செய்யும்.

மறுபடி தூக்கம் குறைந்ததை மனைவி கவனித்தார். டப்பாவைத் திறந்தார். மிஞ்சியிருந்த மாத்திரைகளை மேசையில் வைத்துவிட்டு, "யாரை ஏமாத்துறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்கவில்லை.

"இந்த மருந்து உங்க வேலைய என்ன பண்ணுது?"

இதில் பெரிய மேதைமை இல்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் அதுவரை யாரும் கேட்டதில்லை. அட்சரம் மனைவியைப் பார்த்தார். மனைவி தன் கைப்பையிலிருந்து கிரீம் பையை எடுத்து நீட்டினார்.

"எழுதிக் காட்டுங்க. வாயாலதான் சொல்ல மாட்டீங்க."

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். அட்சரம் 'வாழ்த்துகள்' என்று எழுதினார். எழுத்துகள் குளிரில் நிற்பவை போல நடுங்கின. பிறகு விட்டுப்போன இரவுகளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டரம்மா கடிந்துகொள்ளவில்லை. "மருந்தை மாத்தலாம், ஆனா புதுசு உங்களுக்கு ஒத்துவருமான்னு இப்பவே சொல்ல முடியாது. நடுக்கத்துக்குத் தனியா ஒரு மாத்திரை சேர்க்கலாம். இல்லேன்னா பழைய அளவுக்கே இறங்கலாம். ஆனா ஒரு நாள்கூட விடக்கூடாது, ரத்தம் பார்த்துக்கிட்டே இருக்கணும். உங்களுக்கு எது முக்கியம்?"

"சனிக்கிழமை எனக்குக் கை வேணும்."

"எனக்கு ஏழு நாளும் மனுஷன் வேணும்" என்றார் மனைவி.

டாக்டரம்மா இரண்டையும் எழுதிக்கொண்டார். பழைய அளவு, தினமும். நடுக்கம் குறையாவிட்டால் இன்னொரு மாத்திரை. கூடவே ஓர் ஒப்பந்தம்: வாடிக்கையாளர் கேட்டதற்கு மேல் கேக்கில் ஒரு சொல் விழுந்தாலும் உடனே மனைவிக்கும் டாக்டரம்மாவுக்கும் போன்.

நடுக்கம் முழுதாகப் போகவில்லை. சற்றுத் தடித்த முனையை மாட்டி, எழுத்தை உருட்டி எழுதக் கற்றுக்கொண்டார். மாஸ்டருக்குக் கேலி செய்ய விஷயம் கிடைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. ஒரு பிறந்தநாள் கேக். பெயருக்குக் கீழே கை தானாக ஓடியது: 'நீ பிறந்ததில் உலகத்துக்கும் ஒரு வயது.' அட்சரம் பையைக் கீழே வைத்தார். வரி அழகாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. கத்தியால் வழித்தெடுத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"ஒரு வரி கூடிப்போச்சு."

வரியைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. நேத்து தூங்கினீங்களா?"

"மூணு மணி நேரம்."

"டாக்டரம்மாவுக்கு நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்றேன்" என்றார் அட்சரம். போனை வைத்துவிட்டு, கிரீம் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு, அடுத்த எண்ணை அழுத்தினார்.