போகச் சொன்னாள் மாரியாத்தா

ஆத்தாவை நம்பியிருக்கிறவர்களே, எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் கலா எழுதுகிறாள்.

போன வருஷம் என் மகன் செல்வத்துக்குத் தொடையில் ஒரு கட்டி. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, எங்காவது இடித்துக்கொண்டிருப்பான் என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். கரையவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். சதையில் வருகிற புற்றுநோயாம், எப்போதாவது யாருக்கோ வருவதாம். கீமோ ஏற்றிக் கட்டி சுருங்கினால் கட்டியை மட்டும் எடுக்கலாம், இல்லாவிட்டால் காலே போகும் என்றார் டாக்டர். காடாம்புலியூரில் என் பிறந்த வீட்டுப் பலா அந்த வருஷம் தேனாக இருந்ததாம். ஒரு சுளை தொடவில்லை நான்.

இரண்டாவது கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. வாயெல்லாம் புண். பக்கத்து குவார்ட்டர்ஸ் அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தா வந்து எறங்கியிருக்கா. வூட்ட வுட்டு எங்கயும் இட்டுக்கினு போவாத."

அம்மைதான் என்று நானும் வாசலில் வேப்பிலை செருகினேன், தாளிப்பை நிறுத்தினேன். கலா விடவில்லை.

"காய்ச்சல்னா ஒடனே வரச் சொன்னாரு டாக்டரு. கெளம்புங்க அத்தே."

"ஆத்தாகிட்ட பூ கேட்டுட்டுப் போவலாம்டி."

வெள்ளைப் பூ வந்தால் கிளம்பணும், சிவப்பு வந்தால் வீட்டிலேயே இருக்கணும். கலாவே இரண்டு பொட்டலம் கட்டி வந்து, எங்கள் பிளாக் மாரியம்மன் கோயிலில் ஆத்தா காலடியில் போட்டாள். "எம்புள்ள உசுரோட, காலோட வேணும்" என்று அழுதுகொண்டே ஒன்றை எடுத்தேன். வெள்ளை. அப்படியே பாண்டிச்சேரிக்கு வண்டி பிடித்தோம்.

அது அம்மையே இல்லை. கீமோவில் நோயை எதிர்க்கிற ரத்த அணுக்கள் அடியோடு குறைந்திருந்தனவாம். "இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர். ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கியது. மறுபடி கீமோ. கட்டி சுருங்கியது, ஆபரேஷனில் அது மட்டும் போனது. கால் தப்பியது. இப்போது லேசாகச் சாய்ந்து நடந்து ஷிஃப்டுக்குப் போகிறான் என் பிள்ளை.

இந்த இடத்தில் கலா பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"அத்தே, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வச்சேன்."

"அடிப்பாவி, ஆத்தாவையே ஏமாத்துனியா?"

"செவப்பு வந்திருந்தா நீங்க போவ வுட்டிருப்பீங்களா?"

எனக்குக் கோபமே வரவில்லை. இவளுக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது யார்? நான் கேட்டது பிள்ளையை. ஆத்தா கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் கீமோ ஏற்றியவருக்குக் காய்ச்சல் அடித்தால் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். அவள் பேரைச் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறுங்கள். கூடவே வருவாள்.