ஊரைத் தாண்டிய கோடு

கல்லூரி முடித்து ஒரு வருஷமாகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஆமத்தூர் வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். அப்பாவும் அம்மாவும் காலையிலேயே கம்பெனி வேனில் பட்டாசு வேலைக்குப் போய்விடுவார்கள். தீபாவளி சீசன் முடிந்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகப் பேச்சு. சீசன் முடிந்துகொண்டிருந்தது.

விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்தபோது புள்ளி, கோடு என்று ஒரு பாடம் இருந்தது. ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி, இரண்டு பேருக்குள் பழக்கம் இருந்தால் நடுவில் ஒரு கோடு. பரீட்சையோடு அதை விட்டுவிட்டேன். ஒருநாள் இருப்புக்கொள்ளாமல், அச்சகத்தில் வீணான காலண்டர் தாளின் பின்புறம் எங்களுக்குத் தெரிந்தவர்களை எல்லாம் புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தேன். சித்தி, மாமா, அப்பாவின் கூட்டாளிகள் எல்லோரும் ஒருவரோடொருவர் பின்னிக் கிடந்தார்கள். அவர்களுடைய எந்தக் கோடும் பக்கத்துப் பட்டாசு ஊர்களான நாரணாபுரத்தையும் தாயில்பட்டியையும் தாண்டவில்லை. அவர்கள் சொல்லக்கூடிய வேலை எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

ஓரத்தில் ஒரு புள்ளி தனியாக இருந்தது. விருதுநகரிலிருந்து மாதாமாதம் சேலை கொண்டுவரும் பாய் வீட்டம்மா. எங்கள் சொந்தத்தில் அவருக்கு அம்மாவை மட்டும்தான் தெரியும். ஆனால் அவர் பேச்சில் மதுரை, ஈரோடு, திருப்பூர் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும்.

அவர் வரும்வரை பொறுக்க முடியாமல் பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"கம்பெனில எதும் ஆயிப்போச்சா தாயி?"

இல்லை, வேலை கேட்டு வந்தேன் என்ற பிறகுதான் உட்கார்ந்தார். அவருடைய அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி கொடுப்பவர். அவரிடம் விசாரித்துச் சொல்வதாகப் பாய் வீட்டம்மா சொன்னார். நான் விடவில்லை. டெலிபோன் பூத்திலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். சலிக்காமல் பதில் சொன்னார்.

ஒரு கம்பெனியில் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும் என்று தகவல் வந்ததும், அவரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். பொம்பளப்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று அப்பா தயங்கினார்.

"எங்கண்ணன் வீட்டுல தங்கட்டும்ணே. நான் பொறுப்பு."

அங்கே சாப்பாடு எப்படி என்று அம்மா மெல்லக் கேட்டாள். தனியாகப் பொங்கித் தரச் சொல்வதாக அவர் சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன்.

"போகட்டும். இங்கன இவ படுற பாட்டப் பாக்க முடியல" என்றாள்.

திருப்பூரில் முதல் சில வாரம் எனக்கென்று ஒரு சின்னப் பானையில் சோறு வெந்தது. பிறகு நானே அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். வேலையும் பிடித்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் வீட்டில் இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எங்கள் ஊர்ப் பக்கம் போகும் சிவகாசி பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, ஏறாமல் திரும்பி வருவேன்.