பேட்டையிலிருந்து வந்த பேரம்

பேட்டைக் குழுவின் தலைவர் தம்முடைய சிறந்த ஆட்டக்காரரை எங்களுக்குத் தருவதாகச் சொன்ன அன்று, மகிழாதவன் நான் ஒருவன்தான்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சாயங்காலங்களில் பள்ளிக்கூட வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்து கால்பந்து ஆடுவோம். எல்லாருக்கும் வெறுங்கால்தான். நான் கோல் காப்பேன். எங்களிடம் ஓடித் தாக்க ஆள் உண்டு. கோலுக்கு முன்னால் நின்று மறிக்கும் ‘பேக்’தான் சரியில்லை. பேட்டைக்காரர்களின் பேக், கொல்லுப்பட்டறையில் வேலை செய்கிறவர். அவர் நிற்கும் பக்கம் அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பி வரும்.

அவர்கள் தலைவர் நெல் வியாபாரி. வில்வண்டியில் வந்து இறங்கினார்.

“எங்க பேக்கை நீங்க எடுத்துக்கிடுங்க. உங்க வலது பக்கம் ஓடுத வாத்தியாரை எங்களுக்குக் குடுங்க” என்றார்.

எங்கள் தலைவரான டிராயிங் வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். வண்டி போனதும் என்னைப் பார்த்தார்.

“என்னவே மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீரு?”

“கறக்குத மாட்டை எவனாவது கைமாத்துவானா? பல்லைப் பிடிச்சுப் பாக்கணும் வே.”

சனிக்கிழமை பேட்டைக்கு நடந்தேன். அவர்கள் பழகும் பொட்டலின் ஓரத்தில் நின்று அவரையே கவனித்தேன். பந்துகளை வழக்கம்போல மறித்தார். ஆனால் இடப்பக்கமிருந்து வந்த பந்துக்கெல்லாம், கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல, தலையை முழுக்கத் திருப்பினார். ஆட்டம் முடிந்ததும் அவருடைய இடப்புறம் போய் நின்று, பேசாமல் ஒரு வெள்ளரிப்பிஞ்சை நீட்டினேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே நின்றார். சுற்றிப்போய் வலப்புறம் நீட்டினேன். சிரித்துக்கொண்டு வாங்கினார்.

“இடது கண்ணு தெரியலியோ?”

சிரிப்பு போய்விட்டது.

“பைய பேசுங்க. பட்டறைல பொறி விழுந்திட்டு, மூணு மாசமாச்சு. அண்ணாச்சிக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னா உம்மை எதுக்கு எங்களுக்குத் தள்ளிவிடுதாரு?”

“நான்தான் கேட்டேன். உங்க வாத்தியார் மேல அவருக்கு ரொம்ப நாளா ஆசை. அதான் சரின்னுட்டாரு. எங்க கோல் காக்குதவன் வாயே திறக்க மாட்டான். நீங்க பந்து வார பக்கத்தைக் கத்திக்கிட்டே இருப்பிய. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு ஒரு கண்ணு போதும். வெளிய சொல்லிராதிய.”

ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது அந்தப் பேச்சை உருட்டி உருட்டிப் பார்த்தேன். என்னைப் புகழ்ந்த இடம்தான் அதிகம் உறுத்தியது. வியாபாரி சொல்லிக்கொடுத்த பாடமாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். டிராயிங் வாத்தியாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாற்றிக்கொள்ளும் பேச்சு அத்தோடு நின்றது.

நான் நிற்கவில்லை. அடுத்த மாதம் அவர்கள் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தபோது, வலது பக்கம் ஓடுகிற வாத்தியாரைத் தனியே கூப்பிட்டு, “அவங்க பேக்குக்கு இடது பக்கமா நுழைஞ்சு ஓடும். அந்தக் கண்ணு தெரியாது” என்றேன்.

அப்படியே நுழைந்து இரண்டு கோல் போட்டார். மூன்றாம் தடவை தடுக்கத் திரும்பிய பேக், சரளையில் வழுக்கி விழுந்தார். வெளியிலிருந்து வியாபாரி கத்தினார்:

“ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு?”

தெரிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார்; வியாபாரிக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுந்தவர் எழுந்தார். கத்தியவரைப் பார்க்கவில்லை. மைதானத்தின் மறுகோடியில் நின்ற என்னைப் பார்த்தார்.

நாங்கள் ஜெயித்தோம். டிராயிங் வாத்தியார் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கூசியது.

அதற்குப் பின் பேட்டைக் குழுவில் அந்த பேக்கைக் காணவில்லை. அம்பாசமுத்திரத்தில் மைத்துனர் பட்டறைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சில மாதம் கழித்து கச்சேரி வேலையாக அங்கே போனேன். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

“நான்தான் சொன்னேன்” என்றேன்.

“தெரியும். வேற யாருக்கும் தெரியாதுல்லா.”

“எங்களுக்கு ஆட வாரீரா?”

சம்மட்டியைக் கீழே வைத்தார். இப்போது அவர் என்னை அளந்து பார்த்தார்.

“எதுக்குக் கூப்பிடுதிய?”

“பேக் இல்ல” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார். அன்றைய ஆட்டம் முழுக்க எனக்கு ஒரே பயம்: என்னைப் பழிவாங்க ஒரு பந்தையாவது விட்டுவிடுவாரோ? அவர் ஒன்றைக்கூட விடவில்லை. எங்களுக்கு விழுந்த ஒரே கோல் என் கால்களுக்கு நடுவே போனது. பந்தைப் பார்க்காமல் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.