கண்ணாடியப் பாத்ததும் சொன்ன மொத வார்த்தை

கத்திரியக்கா கை எவ்வளவு வேகம்னா, ஒருத்தங்க நாற்காலியில உக்காந்து "கொஞ்சமா மட்டும் வெட்டுங்க"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதி முடி தரையில கெடக்கும். வாய் அதைவிட வேகம். கை நின்னாலும் வாய் நிக்காது. இருபது வருஷமா அதே தெருமுனையில பார்லர் வச்சிருக்காங்க. சொந்தப் பேரு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. ஆனா யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அக்காவே திரும்பிப் பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு பாப்பாங்க.

பார்லர்ல ரெண்டு நாற்காலி. ஒண்ணு ஒழுங்கு. இன்னொண்ணு மேல ஏறும், கீழ எறங்காது. அதுல உக்காந்தவங்க எறங்கணும்னா கையப் புடிச்சு எறக்கி விட ஆள் வேணும். எதுக்க சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. அதோட மூலையில ஒரு விரிசல், விரிசலை மறைக்க ஒரு ரோசாப்பூ ஸ்டிக்கர். இப்ப அந்த ஸ்டிக்கர்லயும் விரிசல் விட்டாச்சு.

அக்காவுக்கு ஒரே மக. அம்மா பேசுறதுல பத்துல ஒரு பங்குகூடப் பேச மாட்டா. "வீட்டுக்குன்னு வந்த பேச்சை எல்லாம் நீயே எடுத்துக்கிட்ட, பாவம் புள்ளைக்கு மிச்சமே கெடைக்கல"ம்பாரு பொண்ணோட அப்பா. அவரு பஸ் டிரைவர். ஸ்கூல் விட்டதும் அந்தப் பொண்ணு நேரா பார்லருக்கு வந்துரும். துண்டு அடுக்குற அலமாரி பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதுல உக்காந்து படிக்கும். நடுவுல எந்திரிச்சு முடியக் கூட்டும், துண்டை மடிக்கும். மறுபடி உக்காந்து ஒரு நீல நோட்டுல ஏதோ கிறுக்கும். அக்கா அதைக் கணக்குப் பாடம்னே நெனச்சிருந்தாங்க.

ஒரு நாள் சாப்பிடும்போது அந்தப் பொண்ணு வாயத் தொறந்துச்சு. "அம்மா, மலை மேல இருக்குல்ல ஒரு காலேஜு, அதுக்கு நான் அப்ளை பண்ணப் போறேன்."

"எது, அந்தச் சின்ன காலேஜா? பெரிய பெரிய எடத்துப் புள்ளைங்களே மோதித் திரும்பி வருதே! அங்க என்ன சொல்லித் தராங்க?"

"எல்லாமே. நட்சத்திரமும் படிக்கலாம், நாடகமும் படிக்கலாம், கணக்கும் படிக்கலாம். எதுல மனசு ஒட்டுதோ அதைப் பின்னாடி எடுத்துக்கலாம்."

"எல்லாத்தையும் படிச்சு கடைசியில என்னவாடி ஆவ?"

"தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் போறேன்."

அப்பா சிரிச்சாரு. "நல்லாருக்கு. பஸ்ஸுல ஏறி உக்காந்துக்கிட்டு, எங்க எறங்கணும்னு போகப்போக யோசிக்கிறேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"ஆமாப்பா. அதேதான்."

அவரு தட்டுல மிச்சமிருந்த சோத்தை வழிச்சு வாயில போட்டாரு. "சரி, ஏறிக்க"ன்னாரு.

அக்காதான் விரலை விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. ஒரு சீட்டுக்கு இருபத்தஞ்சு பேரு மோதுவாங்களாம். மார்க்கு எல்லாருகிட்டயும் இருக்குமாம். இந்தப் புள்ள பொறந்ததுலேருந்து எனக்கு அது வேணும் இது வேணும்னு கேட்டதே கெடையாது. பொம்மைக் கடை வாசல்லகூட சும்மா வேடிக்கை பாத்துட்டு வந்துரும். மொத தடவையா வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்கு, அது கெடைக்காமப் போனா அப்புறம் அந்த வாய் மறுபடி தொறக்குமா? அக்காவுக்கு அதுதான் பயம்.

மறுநாள்லேருந்து நாற்காலியில வந்து உக்காந்தவங்க எல்லாரும் மாட்டினாங்க. கழுத்துல துணியக் கட்டியாச்சு, தலையில தண்ணி அடிச்சாச்சு, இனிமே எங்க ஓடுறது? "அந்தக் காலேஜுல எடம் கெடைக்க என்ன செய்யணும், சொல்லுங்க"ன்னு அக்கா கத்திரியக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டா யாரு சொல்லாம இருப்பா?

பேங்க் மேடம் பையன் ரெண்டு வருஷமா அங்கதான் படிக்கிறான். அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டு, சாமி வந்த மாதிரி சொன்னாங்க. "மார்க்கு மட்டும் பத்தாதுங்க. புள்ள வெளியில என்னென்ன செஞ்சிருக்குன்னு பாப்பாங்க. என் பையன் வயலின் வாசிச்சான், மரம் நட்டான், மலை ஏறினான்."

"மூணையும் ஒரே நேரத்துலயா மேடம்?"

மருந்துக்கடைக்காரம்மா வேற மாதிரி. "கட்டுரை ஒண்ணு எழுதச் சொல்லுவாங்க. அதுல ஒரு சோகம் இருக்கணும் அக்கா. படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்."

அக்கா வீட்டுக்கு வந்து யோசிச்சாங்க. "நம்ம வீட்டுல சொல்லிக்கிற மாதிரி ஒரு சோகமும் இல்லையேங்க. நீங்க ஒரு ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில படுத்துக்கிறீங்களா?"

"என்னை ஏம்மா இழுக்கிற? உன்னைக் கட்டிக்கிட்டதை எழுதச் சொல்லு, அவங்க தேம்பித் தேம்பி அழுவாங்க."

வயலின் கெடைக்கல. யாரோ வேண்டாம்னு தூக்கிப் போட்ட புல்லாங்குழல் ஒண்ணு கெடைச்சுது. பொண்ணு மூணு நாள் ஊதுச்சு. மூணாம் நாள் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "உங்க குக்கர் ரொம்ப நேரமா விசில் அடிக்குது, அடுப்பை அணைங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. புல்லாங்குழல் பரண்ல ஏறிருச்சு.

அப்புறம் அக்கா ஒரு டியூஷன் சாரைப் புடிச்சாங்க. அந்த மாதிரிக் கட்டுரை எழுதிக் குடுக்கிறதுல ஆளு கில்லாடி. நாலு பக்கம் எழுதிக் குடுத்தாரு. அதுல அக்கா மக வெள்ளத்துல குதிச்சு மூணு கொழந்தைங்களக் காப்பாத்தியிருந்தா, ஆயிரம் மரம் நட்டிருந்தா, அம்பது பாட்டிங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்திருந்தா. படிச்சதும் அக்காவுக்கே புல்லரிச்சுது. பெத்த மகளுக்கு எந்திரிச்சு நின்னு கும்புடு போடலாமான்னு தோணிருச்சு.

பொண்ணு முழுசாப் படிச்சுது. "அம்மா, யாரும்மா இவ? எனக்கு இவளைப் பாத்தாலே பயமா இருக்கு. எனக்கு நீச்சலே தெரியாது."

"தெரியலன்னா என்னடி? இன்டர்வியூவுல தண்ணியில தள்ளி விட்டா பாக்கப் போறாங்க?"

"இதை அனுப்பி எடம் கெடைச்சா அது அவளுக்குத்தானே கெடைக்கும். நான் எங்க போறது?"

அக்கா வாய் அடைச்சுப் போச்சு. தெருவுல அன்னிக்கு மழை வந்துச்சுன்னா அதுக்கு இதுதான் காரணம்.

பொண்ணு தானா ஏதோ எழுதித் தானா அனுப்புச்சு. என்ன எழுதினன்னு கேட்டா, சிரிக்கும். ஒரு மாசம் கழிச்சு காலேஜுலேருந்து பதில் வந்துச்சு. நேர்ல பேச வரச் சொல்லியிருந்தாங்க. கீழ ஒரு வரி, 'அந்த நோட்டையும் கொண்டு வரவும்.'

"எந்த நோட்டுடி?"

பொண்ணு தயங்கித் தயங்கி அந்த நீல நோட்டைக் குடுத்துச்சு. அக்கா மூக்குக் கண்ணாடிய மாட்டிப் பிரிச்சாங்க. முடி வெட்டி முடிச்சு, நாற்காலியத் திருப்பி, கண்ணாடியில தன்னைப் பாத்ததும் ஒவ்வொருத்தரும் வாயிலேருந்து விட்ட மொத வார்த்தை. அஞ்சு வருஷமா ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்கு. மொத்தம் அறுநூத்திப் பன்னெண்டு.

'நம்பர் 14. தையல்காரம்மா. அட, எங்கம்மா மாதிரியே இருக்கேன்.'

'நம்பர் 88. கல்யாணப் பொண்ணு. இது நல்லாருக்குன்னு அவரு சொல்லணுமே.'

'நம்பர் 203. போலீஸ்காரம்மா. ஒண்ணும் சொல்லல. கண்ணாடியப் பாத்து சல்யூட் அடிச்சாங்க.'

'நம்பர் 340. வீட்டுக்காரரை எழந்தவங்க. போதும், இனி யாரு பாக்கப் போறா. ஆனா வாசல் தாண்டுறதுக்குள்ள ரெண்டு தடவை திரும்பிப் பாத்தாங்க.'

கடைசிப் பக்கத்துல கோடு போட்டுக் கணக்கும் எழுதியிருந்துச்சு. இருபது வயசுக்குக் கீழ இருக்கிறவங்க மத்தவங்க என்ன சொல்வாங்கன்னு பேசுறாங்க. நாப்பது தாண்டினவங்க தங்களோட அம்மாவைப் பத்திப் பேசுறாங்க. அறுபது தாண்டினவங்க முடியப் பத்திப் பேசுறதே இல்ல.

"அடிப்பாவி! நான் தலையப் பாத்துக்கிட்டிருந்தேன், நீ வாயப் பாத்துக்கிட்டிருந்தியா!" அக்காவுக்குச் சிரிப்பு வந்துச்சு, உடனே பயமும் வந்துச்சு. "அடியே, மத்த புள்ளைங்க மலை ஏறினேன், மரம் நட்டேன்னு வருவாங்க. நாம போய் முடி கூட்டினேன்னா சொல்றது?"

"கேட்டா சொல்லுவேன்."

சரி, இனி கட்டுரைய மாத்த முடியாது. மலையும் ஏற முடியாது. ஆனா தலை? தலை அக்காவோட டிபார்ட்மெண்டாச்சே! இன்டர்வியூவுக்கு மொத நாள் சாயங்காலம் கடை வாசல்ல 'இன்று விடுமுறை' அட்டைய மாட்டிட்டு, மகளை அந்த எறங்காத நாற்காலியில ஏத்தி உக்கார வச்சாங்க. "நெத்தியில கொஞ்சம் முடிய வெட்டி விட்டா படிச்ச களை வரும். அஞ்சே நிமிஷம்."

இருபது வருஷத்துல லட்சம் தலை பாத்த கை. ஒரு தடவை மின்சாரம் போனப்ப இருட்டுலயே வெட்டி முடிச்ச கை. அன்னிக்கு என்ன ஆச்சோ, எடது பக்கம் ஒரு நூல் ஏறிருச்சு. அதைச் சரி பண்ண வலது பக்கம் வெட்டினாங்க. அது ரெண்டு நூல் ஏறிருச்சு. மறுபடி எடது. மறுபடி வலது. வேலை முடிஞ்சு கடைக்கு வந்த அப்பா எட்டிப் பாத்தாரு.

"ஏம்மா, காத்தே அடிக்கல, கூரை எப்படிப் பறந்துச்சு?"

புள்ள நெத்தியில ஒரு விரக்கடை முடி, நட்டமா நின்னுக்கிட்டிருந்துச்சு. அக்கா கத்திரியக் கீழ வச்சாங்க. ஊரு தலையெல்லாம் ஒழுங்கா வெட்டிட்டு, பெத்த புள்ள தலைய, அதுவும் இந்த நாள்ல! மெதுவா நாற்காலியக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாங்க.

பொண்ணு பாத்துச்சு. அப்புறம் சொல்லுச்சு. "அம்மா, உன் கை நடுங்குது."

அவ்வளவுதான். அக்கா துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு அழ ஆரம்பிச்சாங்க. அப்பா வந்து மகளைக் கையப் புடிச்சு எறக்கி விட்டாரு. பொண்ணு போய் நோட்டை எடுத்து ஏதோ எழுதுச்சு. அழுதுக்கிட்டிருந்ததால அக்கா எட்டிப் பாக்கல. அவங்க வாழ்க்கையிலேயே எட்டிப் பாக்காம விட்டது அது ஒண்ணுதான்.

மறுநாள் காலேஜு வராண்டா. தரையப் பாத்தா பல்லு தெரியும், அவ்வளவு பளபளப்பு. பெஞ்சுல அஞ்சாறு புள்ளைங்க, கையில பைல், மடியில மெடலு. அக்கா எல்லாரையும் தலைய வச்சே எடை போட்டாங்க. "அந்தப் பையன் தலையில இருக்கிற ஜெல்லை வழிச்சா உங்கப்பா பஸ்ஸுக்கு ஒரு வருஷம் கிரீஸ் போடலாம்."

"அம்மா, மெதுவா."

பொண்ணை உள்ள கூப்பிட்டாங்க. மத்த புள்ளைங்க எல்லாம் இருபது நிமிஷத்துல வெளிய வந்துச்சுங்க. இது வரல. அரை மணி ஆச்சு, முக்கால் மணி ஆச்சு. உள்ள யாரோ சிரிக்கிற சத்தம். 'நெத்தியப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க'ன்னு நெனச்சுக்கிட்டே அக்கா பையில இருந்த சீப்பைப் பல்லு பல்லா எண்ணிக்கிட்டிருந்தாங்க.

கதவு தொறந்துச்சு. பொண்ணோட ஒரு நரைச்ச தலைப் பேராசிரியை வெளிய வந்தாங்க. கையில நீல நோட்டு.

"நீங்கதானே அம்மா? கடைசியா எழுதினதைப் படிக்கச் சொன்னோம். நீங்க கேட்டிருக்க மாட்டீங்க." அவங்களே படிச்சாங்க. "'நம்பர் 613. நான். என் தலையப் பாக்கத்தான் திரும்பினேன். அம்மா கைதான் தெரிஞ்சுது. அம்மா, உன் கை நடுங்குது.'"

அக்கா வாயப் பொத்திக்கிட்டாங்க.

"உங்கம்மா இதுல எத்தனாவது நம்பர்னு உங்க பொண்ணைக் கேட்டேன். இல்லைன்னு சொல்லுச்சு. ஏன்மா?"

"நான் எங்க மேடம் கண்ணாடி பாக்கிறேன்? அதுல எப்பவும் வேற யாரோதானே உக்காந்திருக்காங்க." சொல்லிட்டு அக்கா பேராசிரியையோட தலைய ஒரு பார்வை பாத்தாங்க. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? "மேடம், நீங்களே வெட்டிக்கிட்டீங்களா? எடது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு. கத்திரி பையிலதான் இருக்கு, ரெண்டே நிமிஷம்."

"அம்மா!"

"சீட்டுக்காக இல்லடி! கண்ணை உறுத்துது!"

பேராசிரியை விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆனா தலையக் காட்டல. விதிமுறை அப்படியாம்.

அப்புறம் காத்திருப்பு. பொண்ணு நெத்தி முடி வளந்து புருவத்தைத் தொடுற வரைக்கும் ஒரு தகவலும் இல்ல. அக்கா தெனமும் அந்த முடிய அளந்துக்கிட்டிருந்தாங்க.

ஒரு நாள் மத்தியானம். பேங்க் மேடம் நாற்காலியில உக்காந்திருக்காங்க. எடது பக்கம் வெட்டியாச்சு, வலது பக்கம் பாக்கி. ஸ்டூல்ல இருந்த பொண்ணோட போன் 'டிங்'குன்னுச்சு. அது பாத்துச்சு. எந்திரிச்சுது. மறுபடி உக்காந்துச்சு.

"என்னடி? கெடைக்கலையா? பரவால்லடி, விடு, நம்ம..."

"கெடைச்சிருச்சும்மா."

அக்கா போட்ட சத்தத்துல எதுத்த கடை ஷட்டர் தானா எறங்குச்சு. கத்திரி ஒரு பக்கம் பறந்துச்சு, சீப்பு ஒரு பக்கம் பறந்துச்சு. மகளைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினாங்க. எறக்கி விட்டுட்டு மூச்சு வாங்கிக்கிட்டே தலைய நிமித்தினாங்க. எதுக்க கண்ணாடி. பேங்க் மேடம் தலைக்கு மேல ஒரு பொம்பளை நிக்கிறா. கன்னமெல்லாம் தண்ணி. காதோரம் நரை. ஏதோ ரப்பர் பேண்டைப் போட்டு கட்டின கொண்டை, பாதி அவுந்து தொங்குது.

பொண்ணு அப்பவே நோட்டைத் தொறந்து, பேனாவோட நின்னுக்கிட்டிருந்துச்சு.

"யாருடி இவ?" அக்கா கண்ணாடியக் கை காட்டினாங்க. "தலையா இது? எந்தப் பார்லர்காரி இவளை இப்படி விட்டு வச்சிருக்கா?"

பொண்ணு எழுதுச்சு. 'நம்பர் 614. அம்மா.'

"அதெல்லாம் சரிங்க"ன்னாங்க பேங்க் மேடம், பாதித் தலையோட. "என் வலது பக்கத்தை யாரு வெட்டுறது?"